பாய்மரப் படகில் பல காற்று மின்னாக்கிகள்

நெடுந்தொலைவு செல்லும் பாய்மரப் படகுகளில் பேட்டரியை மின்னேற்றுவதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட சிறு காற்று மின்னாக்கிகளைப் பொருத்தி இயக்குவது உண்டு. பெரும்பாலும் ஒரே வகையான இரண்டு மின்னாக்கிகள் படகின் பின்புறத்தில் இடமும் வலமுமாகக் கம்பங்களில் நிறுத்தப்படும். இவற்றின் சுழலி பொதுவாக 0.9 முதல் 1.2 மீட்டர் விட்டம் கொண்டது. குளிர்பெட்டி, தானியங்கிச் சுக்கான், வானொலி, விளக்குகள் ஆகியவற்றுக்கான மின்சாரத்தை எஞ்சினை ஓட்டாமல் பெறுவதே நோக்கம்.

வரலாறு

கப்பலில் காற்றைக் கொண்டு மின்சாரம் எடுப்பது பழைய முயற்சி. 1893 முதல் 1896 வரை வட துருவக் கடலில் பனியில் சிக்கி மிதந்த, துருவ ஆய்வாளர் நான்சனின் ‘ஃபிராம்’ கப்பலில், மின்விளக்குகளுக்கான டைனமோவைக் காற்றாலை ஒன்று சுழற்றியது.

ஆற்றல் கணக்கு

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. வீசும் காற்றிலிருந்து எந்தச் சுழலியும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இது பெட்ஸ் வரம்பு. சிறிய மின்னாக்கி 30 சதவீதம் எடுப்பதாகக் கொண்டால், 1.2 மீட்டர் சுழலி விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் ஏறத்தாழ 26 வாட் தரும். 10 மீட்டர் காற்றில் 200 வாட்டைத் தாண்டும்.

இரண்டாவது மின்னாக்கி விளைச்சலை இரட்டிப்பாக்கும். காற்று இரு மடங்கு வேகமானால் விளைச்சல் எட்டு மடங்காகும். எனவே எத்தனை மின்னாக்கிகள் என்பதைவிடப் படகு எங்கே நிற்கிறது என்பதே முதன்மையானது. 5 மீட்டர் காற்று நாள் முழுதும் நின்று வீசினால், 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு மின்னாக்கி சுமார் 52 ஆம்பியர்-மணியும் இரண்டு சேர்ந்து 104 ஆம்பியர்-மணியும் தரும்.

பின்காற்றில் ஓடும்போது படகின் வேகம் காற்றிலிருந்து கழிகிறது. 16 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் செல்லும் படகின் சுழலிக்குக் கிடைப்பது 10 நாட் மட்டுமே. ஆற்றல் கால் பங்காகக் குறைகிறது. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு வணிகக் காற்றுடன் செல்லும்போது இந்த இழப்பு நேர்கிறது. அதே காற்றில் கரீபியத் துறைகளில் நங்கூரமிட்டிருக்கும்போது இரு மின்னாக்கிகளும் முழுப் பயன் தருகின்றன.

பொருத்துதல்

நங்கூரத்தில் படகு காற்றை எதிர்நோக்கி நிற்பதால் இரண்டு சுழலிகளுக்கும் தடையற்ற காற்று கிடைக்கும். பக்கவாட்டுக் காற்றில் ஒன்று கலைத்துவிட்ட காற்றே மற்றொன்றை அடையும். இறக்கைகள் ஆள் தலைக்கு மேலும் கயிறுகளுக்கு எட்டாமலும் சுழல வேண்டும். இரண்டின் சுழல்வேகமும் சற்றே வேறுபட்டால், ஒலி ஏறி இறங்கும் விம்மல் எழும். ரப்பர் தாங்கிகள் அதிர்வு படகின் உடலுக்குள் பரவுவதைக் குறைக்கும்.

மின்னிணைப்பு

ஒவ்வொரு மின்னாக்கிக்கும் தனிக் கட்டுப்படுத்தி, தனி ஃபியூஸ், தனி நிறுத்த சுவிட்ச் வைத்து, இரண்டையும் ஒரே பேட்டரித் தொகுதியில் பக்க இணைப்பாகச் சேர்ப்பது நம்பகமான முறை. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். கட்டுப்படுத்திகளின் மின்னழுத்த வரம்புகளை ஒரே அளவில் அமைக்க வேண்டும். இல்லையேல் வரம்பு குறைந்தது, பேட்டரி நிரம்பிவிட்டதாகக் கொண்டு முன்னதாகவே விலகிவிடும். ஒரே கட்டுப்படுத்தியைப் பயன்படுத்தினால், அதுவும் உபரி மின்சாரத்தை வெப்பமாக்கும் மின்தடையும் இரு மின்னாக்கிகளின் மொத்த உச்ச மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும்.

பாதுகாப்பு

சூரியத் தகட்டைத் துண்டிப்பதுபோல, சுழலும் மின்னாக்கியைப் பேட்டரியிலிருந்து வெறுமனே துண்டிக்கக் கூடாது. சுமை நீங்கினால் அது கட்டுமீறிச் சுழலக்கூடும். மின்னழுத்தம் எகிறிக் கருவிகளை எரிக்கும். லித்தியம் பேட்டரியின் காப்பு அமைப்பு திடீரெனத் துண்டிக்கும்போது இரண்டு மின்னாக்கிகளும் ஒருசேர இந்நிலைக்குத் தள்ளப்படுகின்றன. ஆகவே துண்டிக்கும் முன் இரு கட்டுப்படுத்திகளுக்கும் குறிப்பு அனுப்பும் ஏற்பாடு தேவை. புயல் வருமுன் இரண்டையும் நிறுத்தி, இறக்கைகளைக் கயிற்றால் கட்டிவிடுவது பாதுகாப்பானது.