நூறாவது நாள்: ஒரு சின்னப் படத்தின் மேல விழுந்த பழி

இன்னிக்கு 1984-ல் வந்த ‘நூறாவது நாள்’. மணிவண்ணன் இயக்கம், இளையராஜா இசை. விஜயகாந்த், மோகன், நளினி நடிச்சாங்க.

குறைஞ்ச செலவில், குறைஞ்ச நாளில் முடிச்ச படம். கரு, இத்தாலிய இயக்குநர் லூச்சியோ ஃபுல்சியின் 1977-ஆம் வருஷப் படத்திலிருந்து வந்தது. நடக்கப்போற கொலை நாயகிக்கு முன்கூட்டியே தெரியுது. சொன்னா யாரும் நம்பல. ஒரு தனி பங்களா, அதன் சுவருக்குள்ள ஒரு பிணம். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமா சத்யராஜ். பணம் போட முடியாத இடத்தை இளையராஜாவின் பின்னணி இசை நிரப்பிடுச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ரெண்டாவது ஆட்டம் பார்த்துட்டு, வயல் வரப்பில் இருட்டுல வீடு திரும்பறதை நினைச்சுப் பாருங்க.

பிற்பாடு, வண்டலூரில் ஒன்பது பேரைக் கொன்ற ஒருத்தர், இந்தப் படம்தான் தூண்டுச்சுன்னு சொன்னதா செய்தி வந்தது. அதிலிருந்து படத்தோட பேரும் அந்த வழக்கும் சேர்ந்தே பேசப்படுது. ஆனா இதே படத்தை ஊர் ஊரா ஜனங்க பார்த்தாங்க. பயந்தாங்க, கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினாங்க. கொலைகாரர் சொன்ன காரணத்தை அப்படியே ஏத்துக்கிட்டா, அவரோட பொறுப்பை நாமளே குறைச்சுடறோம். அந்த ஒன்பது உயிருக்கும் அது நியாயமில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.