எத்தனை பொதி கைமாறியது?

ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் தெரிந்த ஒருவரிடம், ‘இன்னிக்கு விலை ஏறிடுச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எத்தனை பொதிக்கு?’ என்பார். ரெண்டு பொதிக்கு ஏறின விலை வேறு, ரெண்டாயிரம் பொதிக்கு ஏறின விலை வேறு!

இதே கேள்வியைப் பங்குச் சந்தையில் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஜோசப் கிரான்வில். 1963-ல் வந்த அவரது புத்தகம் ‘ஆன் பேலன்ஸ் வால்யூ’மைப் பிரபலமாக்கியது. நேற்றைவிட விலை ஏறி முடிந்தால் இன்றைய வால்யூமைக் கூட்டுங்கள்; இறங்கினால் கழியுங்கள். விலை அசையாமல் நிற்க, கூட்டுத்தொகை மட்டும் ஏறுகிறதா? யாரோ சத்தமில்லாமல் வாங்கிச் சேர்க்கிறார்கள் என்பது அவர் வாதம்.

1981 ஜனவரி 6 இரவு, ‘எல்லாத்தையும் வித்துடுங்க’ என்று சந்தாதாரர்களுக்குத் தகவல் அனுப்பினார். மறுநாள் நியூயார்க்கில் 9 கோடிப் பங்குகளுக்கு மேல் கைமாறி, டௌ ஜோன்ஸ் சுமார் 24 புள்ளிகள் சரிந்தது. ஆனால், 1982 ஆகஸ்டில் சந்தை காளையாய்ப் பாய்ந்தபோதும், ‘இறங்கும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நம்பி ஒதுங்கியிருந்தவர்கள் லாபத்தைக் கோட்டைவிட்டார்கள்.

உங்கள் ஊர் ராம்கோ சிமெண்ட்ஸ் பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை அஞ்சு பைசா ஏறி முடிந்தாலும், அன்றைய வால்யூம் மொத்தமும் ‘வாங்கியது’ பக்கம் ஏறிவிடும். விற்றவர் இல்லாமல் வாங்கியவர் ஏது? அதனால் டெலிவரி எவ்வளவு, கம்பெனியின் லாபம் எவ்வளவு என்றும் பாருங்கள். வால்யூம் கேள்வி கேட்கக் கற்றுத்தரும். பதிலை நீங்கள்தான் தேடணும்.