கட்டடக் கலைஞரும் பொருட்பட்டியலும்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டடக் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில்களையும் மாளிகைகளையும் அவற்றை அமைத்தோர் பெயர்களையும் விரித்துரைப்பர். அவற்றை அமைத்தவர் தாம் கையாண்ட பொருள்களின் இயல்பை யாரிடமிருந்து அறிந்தார் என்னும் வினா பெரிதும் எழுப்பப்படுவதில்லை. மருத்துவர் ஒருவர் மருந்தின் குணத்தை அதை விற்பவர் வாயிலாகவே அறிந்துகொள்வாராயின் நோயாளி அஞ்சுதல் இயல்பே. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகக் கட்டடக் கலைஞர் ஏறத்தாழ அந்நிலையிலேயே இருந்து வந்துள்ளார். பட்டம் பெற்று வெளியேறிய பின் புதிய பொருள்களைப் பற்றி அவர் பெறும் கல்வியின் பெரும்பகுதி அப்பொருள்களை விற்போர் வழங்கிய கல்வியேயாகும்.

பண்டைக் காலத்தில் இவ்விடர்ப்பாடு இருக்கவில்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த விற்றுறூவியஸ் கட்டடக் கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலொன்றை யாத்தார். அதன் இரண்டாம் பகுதி செங்கல், மணல், சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், கல், மரம் ஆகியவற்றைக் கூறுவது. பல நூற்றாண்டுகள் கழிந்தும் அப்பட்டியல் பெரிதும் நீளவில்லை. கொத்தனும் தச்சனும் தலைமுறை தலைமுறையாகக் கையால் தொட்டறிந்த பொருள்களையே கட்டடம் அமைப்போரும் கையாண்டனர். தவறான பொருளின் விளைவை அதே ஊரில், அதே சுவரில் காணவும் முடிந்தது.

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. எங்கோ ஓர் ஆலையில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண், அதைப் பொருத்துபவர் அறியாத ஒரு முறையிலே செய்யப்பட்டு வந்து சேர்ந்தது. தூணுடன் ஒரு நூலும் வந்தது. நியூயோர்க்கில் இரும்புக் கட்டட முகப்புகளை வார்த்து விற்ற டானியல் பட்ஜர் 1865இல் வெளியிட்ட படநூல் இதற்குச் சிறந்த சான்று. அழகிய பெரும் படங்களைக் கொண்ட அந்நூல் கலைநூல் போலவே தோற்றமளிக்கும். உண்மையில் அது விற்பனை நூல். கல்வியும் விளம்பரமும் ஒரே அட்டைக்குள் புகுந்து கொண்டதை ஈண்டு நாம் காண்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் கட்டடக் கலைஞரின் பணியகங்களில் குவியலாயின. ஒன்றின் அளவு மற்றொன்றின் அளவன்று. ஒன்றின் ஒழுங்கு மற்றொன்றுக்கு இல்லை. 1906இல் நியூயோர்க்கில் வெளிவந்த ‘ஸ்வீட்ஸ்’ என்னும் சுட்டியுடன் கூடிய பொருட்பட்டியல் இக்குழப்பத்துக்கு விடையாக எழுந்தது. பல உற்பத்தியாளரின் பட்டியல்களையும் ஒரே பெருநூலில் வகைப்படுத்தித் தொகுத்து அளிப்பதே அதன் நோக்கம். அது ஆண்டுதோறும் பருத்துப் பல தொகுதிகளாகப் பெருகி, அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் மேசையில் நீங்கா இடம் பெற்றது. அதன் பக்கங்களுக்குப் பணம் செலுத்தியவர் உற்பத்தியாளரே என்பது மறத்தற்குரியதன்று.

இவ்வரலாற்றிலே மிகவும் சுவையான பகுதி ஸ்வீட்ஸ் பணியகத்திலேயே நிகழ்ந்தது. டென்மார்க்கிற் பிறந்து 1920களில் அமெரிக்கா சென்ற நூட் லோன்பேர்க்-ஹொல்ம் என்னும் கட்டடக் கலைஞர் அங்கு ஆய்வுப் பிரிவை நடத்தினார். 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியின் செக்கோசிலோவாக்கியக் கூடத்தின் பணிக்காக வந்த லடிஸ்லவ் சுட்நார், தாய்நாடு நாசிகளின் கைப்பட்டமையால் திரும்பிச் செல்லாது தங்கிவிட்டார். 1941 முதல் 1960 வரை அவர் ஸ்வீட்ஸின் வடிவமைப்பு இயக்குநராக விளங்கினார். இவ்விருவரும் இணைந்து 1944இலும் 1950இலும் பட்டியல் வடிவமைப்புப் பற்றி வெளியிட்ட நூல்கள் இன்றும் தகவல் வடிவமைப்பின் முன்னோடிகளாகப் போற்றப்படுகின்றன. அமெரிக்கத் தொலைபேசி எண்களில் பிரதேசக் குறியீட்டை அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கத்தையும் சுட்நாருக்கு உரியதாகக் கூறுவர்.

அவர்கள் கண்ட உண்மை எளியது. வேலை மிகுந்த கட்டடக் கலைஞர் படிப்பதில்லை, தேடுகிறார். ஆகவே ஒரு பக்கத்தைத் தனியே நோக்காது எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே களமாகக் கொள்ளல், தலைப்பு, எண், நிறம், குறி ஆகியவற்றால் கண்ணை வழிநடத்தல், நெடிய வருணனையை விடுத்து வரைபடத்தையும் அட்டவணையையும் இடல் என்பன அவர்களது முறைகளாயின. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எனினும் அவர்களால் ஒன்றைச் செய்ய இயலவில்லை. அது அவர்கள் பணியுமன்று. உற்பத்தியாளர் கூறியது தெளிவாகக் கூறப்பட்டது. உண்மையாகக் கூறப்பட்டதா என்று சோதிக்கப்படவில்லை. தெளிவான பக்கத்தை உண்மையான பக்கமெனக் கொள்ளும் மயக்கம் அன்று தொடங்கிற்று எனலாம்.

இங்கிலாந்தில் வேறொரு போக்கும் காணப்பட்டது. 1921இல் அரசு நிறுவிய கட்டட ஆராய்ச்சி நிலையம், விற்பனையில் எவ்வித நாட்டமுமின்றிப் பொருள்களை ஆராய்ந்து, முடிவுகளைச் சிறு வெளியீடுகளாக வழங்கியது. 1932இல் இலண்டனில் திறக்கப்பட்ட கட்டட நிலையம் பொருள்களை நேரிற் பார்த்தறியும் நிரந்தரக் காட்சிக் கூடமாயிற்று. சுவீடனில் 1950 அளவில் வகுக்கப்பட்ட ‘எஸ்எப்பீ’ வகையீட்டு முறையைப் பிரித்தானியக் கட்டடக் கலைஞரின் அரச நிறுவனம் 1961இல் ஏற்று 1968இல் திருத்தி அமைத்தது. நூலகங்களின் தசம முறை புத்தகங்களுக்குச் செய்ததை இம்முறை கட்டடப் பொருட் பிரசுரங்களுக்குச் செய்தது.

இலங்கையின் நிலை இவற்றினின்றும் வேறுபட்டது. நம் நாட்டின் முதற் கட்டடக் கலைஞர் பலர் பிரித்தானியாவிற் பயின்றவர்கள். அந்நாட்டு நூல்களையே கற்றவர்கள். ஆயின் 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது அந்நூல்களிற் கண்ட உருக்கும் கண்ணாடியும் இங்கு கிட்டவில்லை. இலண்டனில் பயின்று 1957இல் தகைமை பெற்ற ஜெப்றி பாவா உள்ளூர் மரம், கல், ஓடு ஆகியவற்றையும் அவற்றைக் கையாண்ட கைவினைஞரின் அறிவையும் நாடினார். பட்டியல் இல்லாவிடத்து கொத்தனே பட்டியலானான். ஆயினும் இதை முழுமையான விடுதலையெனக் கொள்வது பொருந்தாது. ஓட்டின் கீழ் மழை ஒழுகாதிருக்க அவர் கையாண்ட முறை, அலைவடிவ அஸ்பெஸ்ரோஸ் சீமெந்துத் தகட்டின் மேல் ஓடு வேய்தலேயாகும். அஸ்பெஸ்ரோஸ் நார் நுரையீரலுக்கு விளைக்கும் கேட்டை அக்காலத்து விற்பனைப் பிரசுரங்கள் எடுத்துரைக்கவில்லை.

கட்டடக் கலைஞர் உண்மையில் எதை நம்பித் தெரிவு செய்கின்றனர் என்பதை ஆராய்ந்தோரும் உளர். யோர்க் பல்கலைக்கழகத்தில் மக்கிண்டர், மாவின் ஆகிய இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் எழுத்திலுள்ள தகவலைவிடத் தம் சொந்த அனுபவத்தையும் உடன் பணிபுரிவோரின் சொல்லையுமே பெரிதும் நம்பினர் எனக் காட்டியது. இது சோம்பலன்று. காலம் குறுகியவிடத்து மனிதர் யாவரும் செய்வது இதுவே. ஆனால் முன்பு பயன்பட்டது மீண்டும் பயன்படும் என்னும் இந்நம்பிக்கைக்குப் புதிய பொருள் கட்டுப்படுவதில்லை.

உயர் அலுமினாச் சீமெந்தின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு நாளிலேயே பெருவலிமை பெறும் இச்சீமெந்து, முன்வார்ப்பு உத்தரங்கள் செய்வோருக்கு மிகவும் உவப்பானது. வெப்பமும் ஈரமும் உள்ள சூழலில் அதன் பளிங்கமைப்பு மாறி வலிமை குன்றும் என்பதை நெவில் என்னும் அறிஞர் 1963இலேயே பொறியியலாளர் மத்தியில் எடுத்துரைத்தார். எனினும் அது தொடர்ந்து கையாளப்பட்டது. 1974 பெப்ரவரியில் இலண்டன் ஸ்ரெப்னியிலே பாடசாலையொன்றின் நீச்சற் குளக் கூரை இடிந்து வீழ்ந்தது. நீச்சற் குளத்தைவிட வெப்பமும் ஈரமும் மிக்க இடம் வேறெங்குளது? எச்சரிக்கை அச்சில் இருந்தது; வரைபலகைக்கு அது வந்து சேரவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியே தொழில்சார் தொடர்கல்வி என்பது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அதைத் தன் உறுப்பினருக்குக் கட்டாயமாக்கிற்று. ஆண்டொன்றுக்குப் பதினெட்டுக் கற்றல் அலகுகள் வேண்டும். அவற்றுள் பன்னிரண்டு சுகாதாரம், பாதுகாப்பு, பொதுநலம் சார்ந்தனவாதல் வேண்டும். பிரித்தானிய நிறுவனம் 35 மணித்தியாலங்களைக் கோருகிறது. ஆனால் கற்பிப்பவர் யார்? பெருமளவில் உற்பத்தியாளரே. மதிய உணவோடு பணியகத்துக்கு வந்து, ஒரு மணி நேரம் விரிவுரை நிகழ்த்தி, சான்றிதழும் வழங்கிச் செல்வர். கட்டணம் இல்லை, பயண அலைச்சலும் இல்லை. மதிப்பலகு வழங்கும் நேரத்தில் தம் வணிகப் பெயரை முன்வைத்தல் ஆகாது என அமெரிக்க நிறுவனம் விதித்துள்ளது. ஆயினும் எதைப் பேசுவது, எதைப் பேசாது விடுவது என்பதை விருந்து படைத்தவரே தீர்மானிக்கிறார்.

2017 யூன் 14ஆம் நாள் இலண்டனில் கிறென்பெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்புத் தீப்பற்றி எரிந்தது. 72 பேர் மாண்டனர். கொங்கிறீற்றாலான அக்கட்டடம் 1974இல் முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் புதுப்பிக்கப்பட்டபோது, எரியத்தக்க பொலியெதிலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகளும் எரியத்தக்க வெப்பக் காப்புப் பலகைகளும் அதன் புறத்தே போர்த்தப்பட்டிருந்தன. அரசு அமைத்த விசாரணைக் குழு 2024 செப்ரெம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட இறுதி அறிக்கை, தகடுகளையும் காப்புப் பலகைகளையும் செய்து விற்ற நிறுவனங்கள் திட்டமிட்டுத் தொடர்ந்து நேர்மை தவறின எனக் கண்டது. காப்புப் பலகையின் 2014ஆம் ஆண்டுச் சோதனையில், தீயைத் தடுக்கும் மக்னீசியம் ஒட்சைட்டுப் பலகைகள் உட்புகுத்தப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றி விற்பனைப் பிரசுரம் ஒரு சொல்லும் கூறவில்லை. பதினெட்டு மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் ஏற்றது என்னும் கூற்றே கட்டடக் கலைஞர் கண்ட பக்கத்தில் இருந்தது.

இதைவிட வருந்தத்தக்க செய்தியும் அவ்வறிக்கையில் உண்டு. அச்சோதனை நடைபெற்ற இடம், 1921இல் அரசு நிறுவிய அதே கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்த நிறுவனமேயாகும். 1997இல் அது தனியார்மயமாக்கப்பட்டது. அதன்பின், சோதனைக்குப் பணம் செலுத்தியவர் பொருளை விற்பவர். அந்நிறுவனத்தில் இருந்தோர் இவ்வேமாற்றுக்கு உடந்தையாயினர் என விசாரணைக் குழு கூறுகிறது. விற்பனை நாட்டமற்ற ஒரே குரலென முன்னர் நாம் கண்டதும் இவ்வாறு விற்பவர் பக்கம் சாய்ந்தது.

கட்டடக் கலைஞரையும் அறிக்கை விட்டுவைக்கவில்லை. புதுப்பித்தலை வடிவமைத்த நிறுவனத்துக்கு, உயர்மாடிக் குடியிருப்பொன்றின் புறப்போர்வையை அமைத்த முன்னனுபவம் இருந்ததில்லை. தகடு ஆபத்தானது என்பதை அறியத் தவறிய அந்நிறுவனம் பேரழிவுக்கான பொறுப்பில் மிகப் பெரும் பங்கை ஏற்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. இம்முடிவு நியாயமானதே. ஏமாற்றப்பட்டமை வேறு, வினவாது விட்டமை வேறு.

தீயின் பின் மாற்றங்கள் வந்தன. 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2024 முதல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் பதிவுச் சபை தன் பதிவேட்டிலுள்ளோர் அனைவருக்கும் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. பொருட்பட்டியலிற் கூறப்படுவன தெளிவாகவும் துல்லியமாகவும் மயக்கத்துக்கு இடமற்றும் இருத்தல் வேண்டும் என வலியுறுத்தும் நெறிக்கோவையொன்றும் வகுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் கற்றே ஆகவேண்டும். உற்பத்தியாளரோ அந்நெறிக்கோவையில் விரும்பினாற் சேரலாம்.