ஒரு ரூபாய் டிக்கெட்டும் ஓசிக் குடையும்

எங்க ஊர் காவலூர். ஜவ்வாது மலை. பக்கத்துக் கடலே ரொம்ப தூரம். நானே கடலை முதல்ல பார்த்தது பத்தாவது படிக்கும்போதுதான். அப்படிப்பட்ட ஊர்ல, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, போன மாசம் ஒரு முழு ராத்திரி கப்பல் டிக்கெட்டுக்காகச் சண்டை போட்டோம் என்றால் நம்புவீர்களா?

விஷயம் இதுதான். அம்மா அப்பாவுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம். ஏதாவது சொகுசுக் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு எனக்கு ஆசை. பெங்களூரில் பொட்டி தட்டுபவன் வேறென்ன செய்வான்? எக்ஸெல் ஷீட் போட்டேன். ஒரு வரிசைக்கு ஒரு கப்பல். எத்தனை இரவு, எந்த அறை, தலைக்கு எவ்வளவு. எது குறைவோ அதுக்குப் பச்சைக் கலர். முடிஞ்சது வேலை!

பெரிய மாமா லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. எங்க குடும்பத்திலேயே கப்பல்ல வந்த ஒரே ஆள் இப்போ அவர்தான். எட்டு வயசுல, 1970-ல், பினாங்கிலிருந்து ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவர்.

"ராஜுலாவுல டிக்கெட் எவ்வளவு மாமா?"

"எங்க தாத்தா போனப்ப ஓசி. நாங்க திரும்பி வந்தப்ப அம்மாவோட தாலிச் சங்கிலி. இதுல எதை உன் கட்டத்துல போடுவே?"

எனக்குப் பதில் தெரியலை. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல காவலூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னு நினைச்சேன். தப்பு. எங்க ஊரின் அடையாளமே வைணு பாப்பு வானாய்வகம்தான். 1968-ல் ஒரு சின்ன 15 அங்குலத் தொலைநோக்கியோட ஆரம்பிச்ச இடம். 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி வந்து தொடங்கி வைத்தார். இதன் பூர்வீகத்தைத் தோண்டினால் காவலூருக்கு முன்னால் கொடைக்கானல் (1899), அதற்கும் முன்னால் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டிய வானாய்வகம். கம்பெனிக்காரனுக்கு நட்சத்திரத்தின் மேல் என்ன காதல்? ஒன்றும் இல்லை. கப்பல் திசை தவறாமல் போகணும், கரையின் தீர்க்கரேகை சரியா தெரியணும். அந்த வானாய்வகத்துக்கு அடித்தளம் போட்ட மைக்கேல் டாப்பிங், கம்பெனிக்காகச் சோழமண்டலக் கடற்கரையை அளந்தவர். ஆக, எங்க ஊர் வானாய்வகத்துக்குக் கொள்ளுத் தாத்தா ஒரு கப்பல் கணக்கு. :-)

இனி டிக்கெட்டுக்கு வருவோம்.

ஓசி டிக்கெட் நம்பர் 1

மாமாவோட தாத்தா, ஆலங்காயம் பக்கத்து ஆள், இருபதுகளில் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். கையில காசு இல்லாத மனுஷன் எப்படிக் கடல் தாண்டினார்? அதுக்குத்தான் 1907-ல் மலாயாவில் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகளிடம் வரி மாதிரி வசூலிப்பது, அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை இலவசமாகக் கப்பலேற்றுவது. அதற்கு முந்தைய ஒப்பந்தக் கூலி முறையில் பயணச் செலவு தொழிலாளி தலையில் கடனாக ஏறும், கூலியில் பிடிப்பார்கள். அந்த முறை மலாயாவில் 1910-ல் நின்றது. புது ஏற்பாட்டில் கடன் இல்லை. நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான். ஆனா முதலாளி எதுக்கு அந்த வரியைக் கட்டினான்? ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் கூலி ஏறாது. அந்த ஓசி டிக்கெட்டின் விலை, இறங்கிய பிறகு ஒவ்வொரு நாள் கூலியிலும் இருந்தது. 1938-ல் இந்திய அரசு இப்படி உதவியோடு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. கூலிப் பிரச்சினையும் அதற்கு ஒரு காரணம்.

அந்த ஜனங்கள் போய் வந்த கப்பல்களில் ரொம்பப் பேர் பெற்றது ராஜுலா. 1926-ல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓடியது. புதுசில் அதுக்குக் கொடுத்த அனுமதி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகள்! தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. கப்பல் தட்டில் பாய் விரித்துப் படுக்கணும். மேலே கொஞ்சப் பேருக்கு அறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் உண்டு. கூட்டமும் வருமானமும் கீழே இருந்த பாய்களில்.

ராஜுலாவை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமா பி.ஐ. இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசி டிக்கெட் நம்பர் 2

பாம்பன் பாலம் 1914-ல் வருவதற்கு முன் கொழும்புக்குப் போகணும்னா தூத்துக்குடிதான் வாசல். அந்தக் கடலில் பி.ஐ. வைத்ததுதான் சட்டம். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்கிறார். மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வாடகைக்குக் கொடுத்தவனை பி.ஐ. மிரட்டியது, அவன் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அப்புறம்தான் சொந்தக் கப்பலே வேணும்னு அலைந்து 1907-ல் எஸ்.எஸ். காலியோ, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டைக் கொண்டு வந்தார்கள்.

இனிமேல் நடந்ததை நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'கப்பலோட்டிய தமிழன்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவோம். கணக்காகப் பாருங்கள். பி.ஐ. தூத்துக்குடி-கொழும்பு கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி எட்டணாவாகக் குறைத்தது. உடனே பி.ஐ., 'டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்க, கூட ஒரு குடையும் தர்றோம்' என்று இறங்கியதாகச் சொல்வார்கள்.

எட்டணா வீதம் ஆயிரம் பேர் ஏறினாலும் ஒரு நடைக்கு 500 ரூபாய். நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகக் கட்டணம், கப்பல் வாங்கிய முதல் எல்லாம் அதில் வரணும். பி.ஐ.க்கு இந்தப் பாதையில் நஷ்டம் என்றால் ரங்கூன் பாதை இருக்கு, பினாங்கு பாதை இருக்கு, பாரசீக வளைகுடா இருக்கு. ராஜுலா அப்போது வரவில்லை என்றாலும், நம்ம ஆட்கள் பாய் விரித்த அந்த வருமானம் இருந்தது. சுதேசிக்கு இருந்தது இரண்டு கப்பல், ஒரு பாதை, பங்கு வாங்கிய ஜனங்களின் கோபம். அவ்வளவுதான்.

பயணி என்ன செய்வான்? அவனுக்கும் குடும்பம் இருக்கு. எக்ஸெல் இருந்தால் அவனும் பி.ஐ. வரிசைக்குத்தான் பச்சைக் கலர் போட்டிருப்பான். ஆனாலும் பலர் எட்டணா கொடுத்து சுதேசிக் கப்பலில் போனார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம்.

கட்டணத்தால் மட்டும் முடியாததை அரசாங்கம் முடித்துக் கொடுத்தது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வரும்போது கம்பெனியே இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். காலியோவை எதிரிக் கம்பெனியிடமே விற்றிருந்தார்கள்.

அந்த ஓசிக் குடைக்கு விலை இவ்வளவு. குடை வாங்கினவன் கட்டவில்லை, வேற ஒருத்தர் கட்டினார். போட்டியாளர் போன பிறகு எந்தக் கம்பெனியாவது ஓசியில் ஏற்றுமா என்ன?

நடுவில் ஒரு சிதம்பரம்

1970-ல் மாமா குடும்பம் திரும்பியது சுற்றுலா இல்லை. 1969-க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வேணும்னு ஆனது. நிறையத் தோட்டக் குடும்பங்கள் கிளம்பின. போக ஓசி, திரும்ப வரச் சொந்தக் காசு. பாட்டியின் சங்கிலி போனது அப்படித்தான். அம்மா பிறந்தது இங்க வந்த பிறகு.

1973-ல் ராஜுலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. அடுத்த வருஷமே உடைப்புக்குப் போனது. அதன் பாதையில் வந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? எம்.வி. சிதம்பரம். ஆமாம், நம்ம வ.உ.சி. பெயர்தான். பி.ஐ. ஆண்ட கடலில் அவர் பெயரோடு ஒரு கப்பல் பன்னிரண்டு வருஷம் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனதோடு அதுவும் முடிந்தது. அதற்குள் ஜனங்கள் விமானத்துக்கு மாறியிருந்தார்கள்.

இப்போ நம்ம டிக்கெட்

2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கிளம்பியது. 1990-ல் கட்டிய, பழைய ராயல் கரீபியன் கப்பல். சூதாட்ட விவகாரம் கிளம்பி, புதுச்சேரி அதை உள்ளே விடவில்லை. 2023-ல் இலங்கைக்கும் போய், காங்கேசன்துறையிலும் நின்றது. சிங்கப்பூர் போனால் இன்னும் நிறைய. எல்லா விளம்பரத்திலும் டிக்கெட் விலை பெரிய எழுத்தில். எப்படிக் கட்டுப்படியாகுது?

உலகத்திலேயே பெரிய சொகுசுக் கப்பல் குழுமம் கார்னிவல். 2023-ல் அதன் மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட 750 கோடி டாலர் டிக்கெட்டில் வந்ததே இல்லை. குடி, சூதாட்டம், இணையம், கரைச் சுற்றுலா, கடை இந்த வகையில் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல! டிக்கெட் என்பது கப்பலுக்குள் நுழைய மட்டும்தான்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, பி.ஐ.? 1914-ல் அது பி அண்ட் ஓ கம்பெனியோடு இணைந்தது. பி அண்ட் ஓ-வின் சொகுசுக் கப்பல் பிரிவு 2000-ல் தனியாகப் பிரிந்து, 2003-ல் கார்னிவலோடு சேர்ந்தது. குடை கொடுத்த வீட்டுக்குப் பங்காளி வீடுதான்!

போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு ஒரு கப்பலில் போனேன் (பேர் வேண்டாம்). சாப்பாடு சேர்த்துன்னு நினைச்சுப் போனவன், கடைசி நாள் பில்லைப் பார்த்து டிக்கெட்டில் பாதிக்கு இன்னொரு டிக்கெட் வாங்கியிருந்தேன். அப்பவும் புத்தி வரலை. மாமா கேட்ட கேள்விக்கு அப்புறம்தான் ஷீட்டை மாற்றினேன். சேர்த்த கட்டங்கள் இவை:

1. துறைமுகக் கட்டணம், வரி. விளம்பர விலையில் இருக்கா, வெளியிலா?
2. பணியாளர் டிப்ஸ். பல கப்பல்களில் தலைக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தானாக ஏறும்.
3. எந்தச் சாப்பாட்டு அறை இலவசம், எது காசு? காப்பி, ஜூஸ் எதில் வருது?
4. இணையம். எத்தனை போனுக்கு?
5. கரையில் இறங்கினால் கப்பல்காரன் வண்டியா, நம்ம ஆட்டோவா?
6. விலை இரண்டு பேர் ஒரு அறை என்ற கணக்கு. மாமா தனி ஆள், அவருக்குத் தனி அறைன்னா எவ்வளவு?
7. காவலூரிலிருந்து துறைமுகம் போய் வரும் செலவு. வெளிநாடுன்னா விமானம், விசா.

எல்லாம் கூட்டி, இரவுகளால் வகுத்தேன். பச்சைக் கலர் முதல் வரிசையிலிருந்து மூன்றாவதுக்கு நகர்ந்தது. விளம்பரத்தில் மலிவாக இருந்தது கணக்கில் விலை ஏறியது.

எட்டாவதாக ஒரு கட்டமும் போட்டேன்: 'மீதியை யார் கட்டுறாங்க?' அதுக்கு எண் கிடையாது. டிப்ஸை நம்பி மாசக் கணக்கில் வீட்டை விட்டுக் கடலில் இருக்கும் பணியாளரா, கடைசி ராத்திரி சூதாட்ட மேஜையில் தோற்றவரா, என்னை மாதிரி பில் படிக்காத முட்டாளா? எங்க தாத்தா வீட்டில் சங்கிலியால் கட்டினார்கள், வ.உ.சி. செக்கால் கட்டினார். அவர்கள் பக்கத்தில் என் பில் தூசு. ஆனா அதற்கப்புறம் டிப்ஸ் கட்டத்தை மட்டும் நான் குறைக்கப் பார்க்கலை.

விடியற்காலை மூன்று மணி. எங்க ஊர்ல அந்நேரம் வானம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்லை, அதுக்காகத்தானே வானாய்வகத்தையே இங்க வைத்தார்கள். மாமா அண்ணாந்து பார்த்துக்கிட்டே சொன்னார்: "ராஜுலா தட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு. அம்மா எங்க தலைமாட்டுல தூங்காம உட்கார்ந்திருந்தா. கழுத்தைத் தடவிக்கிட்டே இருந்தா. அப்ப எனக்குப் புரியலை."

கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

"சரி, உன் மூணாவது வரிசையே போடு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. ராத்திரி மேல் தட்டுல பாய் விரிக்க விடுவானா?"

மறுநாள் காலையில் கேட்டு மெயில் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை.

டிஸ்கி: எந்தக் கப்பல்னு கேட்டு யாரும் வர வேண்டாம். உங்க குடும்பம், உங்க கட்டம், உங்க கணக்கு. ஓசிக் குடை கொடுத்தா மட்டும் ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. :-)