அழைப்பில் எழுதிய வாக்கு: சர்வதேசக் கலைக்காட்சிகளும் திறந்த அழைப்பும், 1748–1988

கலைக்காட்சிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காட்சிப்பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த ஓவியம் எந்தக் கூடத்தில் தொங்கியது, பதக்கம் யாருக்குப் போனது என்பதெல்லாம் அதில் கிடைத்துவிடும். ஆனால் பட்டியலுக்குச் சில மாதங்கள் முந்திய தாள் ஒன்று உண்டு. அது, படைப்புகளை அனுப்பச் சொல்லிக் கலைஞர்களுக்கு விடுத்த அழைப்பு. எத்தனை படைப்புகள் அனுப்பலாம், கட்டணம் எவ்வளவு, தேர்ந்தெடுப்பவர் யார், திருப்பியனுப்பும் செலவு யாருடையது என்று நாலைந்து நிபந்தனைகள் அதில் இருக்கும். அந்த நிபந்தனைகளையே இக்கட்டுரை சான்றாகக் கொள்கிறது. கலைஞரை மட்டும் கட்டுப்படுத்தும் விதிகளாகப் பிறந்த அழைப்பு, இரு நூற்றாண்டுகளில், அழைத்தவரையும் கட்டுப்படுத்தும் வாக்காக மாறியது என்பது இங்கே முன்வைக்கும் வாதம்.

நடுவர்களின் காலம்

பாரிஸில் அரசக் கலைக்கழகம் 1667-இல் தன் உறுப்பினர்களின் படைப்புகளை முதன்முறையாகக் காட்சிக்கு வைத்தது. 1737 முதல் அது லூவர் அரண்மனையின் சலோன் காரே கூடத்தில் ஒழுங்காக நடக்கத் தொடங்க, கூடத்தின் பெயரே காட்சிக்கும் ஆகி ‘சலோன்’ என்று நிலைத்தது. 1748-இல் நடுவர் குழு வந்தது. உறுப்பினர் அல்லாதவர்களுக்குப் புரட்சிக் காலத்தில், 1791-இல்தான் கதவு திறந்தது. லண்டன் அரச கலைக்கழகம் வேறு வழியில் போனது. 1769-இல் தொடங்கிய அதன் ஆண்டுக்காட்சிக்கு உறுப்பினர் அல்லாதவரும் படைப்புகளை அனுப்பலாம். தேர்வு மட்டும் கழகத்தின் கையில் இருந்தது. அந்தக் காட்சி இன்றுவரை ஆண்டு தவறாமல் நடந்துவருகிறது.

இரண்டு நகரங்களிலும் நடுவர் குழு தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸில் நிராகரிப்பின் பாதிப்பு கூடத்தோடு முடியவும் இல்லை. திருப்பியனுப்பப்பட்ட ஓவியத்தின் பின்புறம் நிராகரிப்பைக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்து முத்திரையாக விழும். அதைப் பார்த்த பிறகு வாங்க வருகிறவர் தயங்குவார். சலோனுக்கு வெளியே ஓவியம் விற்க வழிகள் குறைவாக இருந்த காலத்தில், அந்த ஒரு முத்திரை ஓர் ஆண்டின் வருமானத்தையே அழித்துவிடக்கூடும்.

1863-இல் ஒரு கலைஞர் மூன்று படைப்புகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று விதி வந்தது. அப்படியும் ஐயாயிரத்துக்கு மேல் வந்து சேர்ந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நடுவர்கள் தள்ளினார்கள். கலைஞர்களின் முறையீடு பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காதுக்கு எட்டியது. நிராகரிக்கப்பட்ட படைப்புகளை, அப்போது சலோன் நடந்த தொழில்துறை மாளிகையிலேயே வேறொரு பகுதியில் வைக்கலாம், தீர்ப்பை மக்களே சொல்லட்டும் என்று ஏப்ரலில் ஆணை பிறந்தது. மே 15 அன்று திறந்த அந்தக் காட்சியில்தான் இன்று ‘புல்வெளியில் மதிய உணவு’ என்று அறியப்படும் மானேயின் ஓவியமும், விஸ்லரின் வெள்ளுடைப் பெண்ணும் மக்கள் முன் வந்தன.

மானேயின் ஓவியத்தைப் பார்த்து மக்கள் சிரித்ததைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். இந்த ஆய்வுக்கு அதைவிட முக்கியமான செய்தி, பல கலைஞர்கள் தங்கள் படைப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒதுங்கியது. ‘நிராகரிக்கப்பட்டவர்’ என்ற பெயரோடு மக்கள் முன் நிற்பதா, காட்சியே இல்லாமல் இருப்பதா என்று அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கதவு திறந்தது உண்மை. அதன் வழியே நுழைந்தவர் நெற்றியில் ஒரு பெயர் ஒட்டியிருந்ததும் உண்மை. மறு ஆண்டே, நடுவர்களில் முக்கால் பங்கினரை முன்பு பதக்கம் பெற்ற கலைஞர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. கேள்வி கேட்டால் விதி மாறும் என்பதைப் பாரிஸ் கலைஞர்கள் அப்போது கண்டுகொண்டார்கள்.

நடுவர் இல்லை, பரிசு இல்லை என்ற கொள்கையோடு 1884-இல் பாரிஸிலேயே சுதந்திரக் கலைஞர்கள் சங்கம் உருவானது. ஓவியர்கள் சேரா, சின்யாக், ரெதோன் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களில் அடக்கம்.

சர்வதேசம் வந்தது, திறப்பு வரவில்லை

1895-இல் வெனிஸ் நகரசபை தன் சர்வதேசக் கலைக்காட்சியைத் தொடங்கியது. வெளிநாட்டுக் கலைஞர்கள் அழைப்பின் பேரிலேயே வந்தார்கள். அழைப்பில்லாமலே படைப்புகளை நடுவர் முன் வைக்கும் வாய்ப்பு இத்தாலியர்களுக்கே இருந்தது. 1907-இல் பெல்ஜியம் அங்கே தனக்கென ஒரு மண்டபம் கட்டியது. பிற நாடுகளும் தொடர, கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மெல்ல அரசுகளிடம் போனது. 1951-இல் சாவ் பாவ்லோவில் தொடங்கிய ஈராண்டுக் காட்சியும் 1968-இல் லலித் கலா அகாதெமி புதுதில்லியில் தொடங்கிய டிரினாலே என்ற மூவாண்டுக் காட்சியும் நாடுவாரிப் பங்கேற்பு என்ற இந்த வழக்கத்தையே பின்பற்றின. எழுபதுகளின் தொடக்கத்தில் அகாதெமியின் தேர்வுமுறையை எதிர்த்து இந்தியக் கலைஞர்கள் கிளர்ந்தபோது அவர்கள் எழுப்பிய கேள்வி, 1863-இல் பாரிஸில் எழுந்த அதே கேள்விதான்: தேர்ந்தெடுப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?

ஆறு டாலர்

நியூயார்க்கிலும் ஒரு சுதந்திரக் கலைஞர்கள் சங்கம் 1916-இல் உருவாகி, 1917 ஏப்ரலில் கிராண்ட் சென்ட்ரல் பேலஸில் தன் முதல் காட்சியை நடத்தியது. சேர்க்கைக்கு ஒரு டாலர், ஆண்டுச் சந்தா ஐந்து டாலர். ஆறு டாலர் கட்டிய எவரும் படைப்பை வைக்கலாம். நடுவர் இல்லை, பரிசு இல்லை. எந்தப் படைப்பு எந்தச் சுவரில் என்பதில்கூட எவர் விருப்பமும் நுழையாதபடி, கலைஞர் பெயரின் அகரவரிசையில் மாட்டினார்கள். எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகள் திரண்டன. அதுவரை விடுக்கப்பட்ட அழைப்புகளில் இவ்வளவு துணிச்சலானது வேறில்லை என்றே கருதுகிறேன்.

அந்த வாக்கைச் சோதித்தது ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு வந்த பீங்கான் சிறுநீர்க்கலம். ‘நீரூற்று’ என்று தலைப்பு; கட்டணமும் கட்டியாகிவிட்டது. சங்கத்தின் இயக்குநர்கள் கூடி விவாதித்து, பெரும்பான்மை முடிவாக அதைக் காட்சியிலிருந்து விலக்கினார்கள். இயக்குநர்களாக இருந்த மார்செல் துஷாம்பும் வால்டர் ஏரன்ஸ்பர்க்கும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். அடுத்த மாதம் ‘தி பிளைண்ட் மேன்’ இதழில் வந்த கையெழுத்தில்லாத குறிப்பு, கட்டணம் செலுத்தியவர் எவரும் காட்சிப்படுத்தலாம் என்ற விதியைச் சொல்லியே தொடங்கியது. ‘நீரூற்று’ கலையா என்ற விவாதம் நூறாண்டு தாண்டியும் ஓயவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு முதலில் கையிலெடுத்தது ஒப்பந்த மீறலை. அழைப்பில் எழுதியது அழைத்தவரையும் கட்டுப்படுத்தும் என்ற எண்ணம் அங்கே தெளிவாக வெளிப்பட்டதாக நான் வாசிக்கிறேன்.

அஞ்சல்பெட்டி

தொலைவிலிருந்து படைப்பை அனுப்பத் தேவையான மரப்பெட்டி, கப்பல் கட்டணம், சுங்கம், காப்பீடு ஆகியவையும் சத்தமில்லாத நடுவர்களே. அவற்றைத் தாண்டியவர்கள், படைப்புகளை அஞ்சலிலேயே அனுப்பிப் பரிமாறிக்கொண்ட அஞ்சல் கலைஞர்கள். 1970-இல் ரே ஜான்சன் தன் கடித நண்பர்களை நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்கு எதையேனும் அஞ்சலில் அனுப்பச் சொன்னார். வந்தவை காட்சிக்கு வந்தன. அந்தப் பத்தாண்டில் ஒரு மரபு உருவானது. கட்டணம் கிடையாது, நடுவர் கிடையாது, வந்த அனைத்தும் காட்சியில் இடம்பெறும், எதுவும் திருப்பியனுப்பப்படாது, பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் பங்கேற்றோர் விவரம் அனுப்பப்படும். ஐந்தில் நான்கு விதிகள் அழைப்பவரின் கடமைகள். ஓர் உறையும் தபால்தலையும் வாங்க முடிந்தவர் சர்வதேசக் காட்சியில் இடம்பெறலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

சர்வாதிகார ஆட்சிகள் இதன் பொருளை உடனே உணர்ந்துகொண்டன. பிரேசிலின் ரெசிஃபி நகரில் பாவ்லோ புரூஸ்கி 1976-இல் ஏற்பாடு செய்த சர்வதேச அஞ்சல் கலைக்காட்சியைத் திறந்த உடனேயே காவல்துறை மூடியது. அவர் சிறைக்குப் போனார். உருகுவேயில் அஞ்சல் கலைஞர் கிளெமெந்தே பதீன் 1977-இல் சிறையிலடைக்கப்பட்டார்.

1984-இல் நியூயார்க்கின் ஃபிராங்க்ளின் ஃபர்னஸ் என்ற கலை அமைப்பு நடத்திய அஞ்சல் கலைக்காட்சியில், வந்தவற்றில் சில விடுபட்டன. பங்கேற்பாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். காட்சியையொட்டிய கலந்துரையாடல் மேடையிலேயே பொறுப்பாளரை விலகச் சொன்னார்கள். 1917-இல் இருவர் விலகியதோடு முடிந்தது, இங்கே ஒரு சமூகமே கணக்குக் கேட்பதாக வளர்ந்திருந்தது.

யார் யாருக்குக் கொடுப்பது

பணத்தின் திசையைத் திருப்பியவர்கள் கனடாவின் கலைஞர்கள். தேசியக் கலைக்கூடம் கட்டணமின்றிப் படைப்புகளைப் படமெடுத்துப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் மறுத்தார். அதிலிருந்து 1968-இல் கார்ஃபாக் என்ற கலைஞர் அமைப்பு பிறந்தது. காட்சிக்கு வைப்பதற்குக் கலைஞருக்கே கட்டணம் தர வேண்டும் என்று அது வாதாடியது. 1988-இல் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் காட்சியுரிமையை ஏற்றது.

இன்று பல சர்வதேச அழைப்புகள் மீண்டும் நுழைவுக் கட்டணம் கேட்கின்றன. 1917-இல் கட்டிய ஆறு டாலர் சுவரில் இடம் வாங்கித் தந்தது. இன்றைய கட்டணமோ பரிசீலனைக்கு மட்டுமே. கும்பகோணத்திலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் ஓவிய மாணவருக்கு டாலரில் கேட்கப்படும் அந்தத் தொகை, நடுவரின் கண் படும் முன்பே சலித்துவிடும் சல்லடையாக இருக்கிறது. தேர்வு பெறாதவருக்குப் பணம் திரும்புமா, தேர்வு பெற்றவரின் படைப்பை அனுப்பும் செலவு யாருடையது, தேர்ந்தெடுப்பவர்களின் பெயர்கள் என்ன என்ற மூன்றையும் அழைப்பிலேயே எழுத வேண்டும் என்று நம் கலைஞர் அமைப்புகள் கேட்கத் தொடங்கலாம்.