வாழைச்சேனைக் கடலும் தூரத்துக் கணக்கும்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியில் இலங்கையில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பின் மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. விதி என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. 1970இல் வங்கக் கரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட போலா சூறாவளியைத் தொடர்ந்து, சூறாவளி தள்ளிவரும் நீர் எவ்வளவு உயரும் என்பதைக் கணினியில் கணிக்கும் முறையொன்றை இந்திய வானிலை அறிஞர் பி. கே. தாஸ் 1972இல் வெளியிட்டிருந்தார். மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனை மூழ்குவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வழி அச்சில் இருந்தது. அந்தக் கணக்கை உரிய நேரத்தில் ஓட்டிக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடுதான் இங்கே இருக்கவில்லை. இந்தக் கடலைப் பற்றிய அறிவு பெரும்பாலும் வெளியூர்களில் பிறந்தது. கரைக்கு வரும் கடைசிச் சில கிலோமீற்றரில்தான் அது நின்றுபோகிறது என்பதே என் வாதம்.

கணக்கின் அடிப்படை கடினமானதல்ல. கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆழம், காற்றின் வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்தால், அடுத்த சில நிமிடங்களில் நீர் எந்தப் பக்கம் நகரும் என்று கணினி சொல்லும். அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நாளைய கடல் கிடைக்கும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் சுமார் ஒரு சென்ரிமீற்றர் உயரும். காற்று தள்ளுவதோ ஆழத்தைப் பொறுத்தது. வங்கத்தின் அகன்ற, ஆழங்குறைந்த கண்டமேடையில் நீர் மலையாகக் குவிகிறது. மட்டக்களப்புக்குக் கிழக்கே கண்டமேடை ஒடுங்கியது, கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அதனால் நீர் அந்த அளவுக்குக் குவிவதில்லை. ஆனால் அதே காரணத்தால் ஆழ்கடல் அலைகள் தம் வலுவை அதிகம் இழக்காமல் கரைவரை வந்துவிடுகின்றன. வேறு கரைக்குச் செய்த கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதற்கெல்லாம் கணினி எதற்கு, கடலோடிகளின் அனுபவம் போதாதா என்று கேட்போர் உண்டு. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், வாடை தொடங்கினால் தோணிகள் கரையேறும் என்பதை எந்தக் கருவியும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த அறிவு ஆண்டுதோறும் திரும்பி வருபவற்றுக்கு மிகவும் நம்பகமானது. மட்டக்களப்பை 1907இல் ஒரு பெருஞ்சூறாவளி தாக்கியது. அடுத்த பெரியது 1978இல். எழுபது ஆண்டு இடைவெளியை ஒருவரின் நினைவு தாண்டாது. கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. கச்சான் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே காற்றின் சுழற்சியால் குளிர்ந்த அடிநீர் மேலெழுந்து மேடுபோல நிற்பதை கடலியல் ஆய்வாளர்களான விநாயச்சந்திரனும் யமகட்டாவும் 1998இல் கணினி மாதிரியின் துணையோடு விளக்கினர். மேற்பரப்பை மட்டும் பார்த்து அதை அறிந்திருக்க முடியாது.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது: எச்சரிக்கை பொய்த்தால் அடுத்த முறை யார் ஓடுவார்? ஆனால் எச்சரிக்கையே இல்லாத நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில்தான் வாழைச்சேனைக்கு அருகிலுள்ள கல்குடாவையும் பாசிக்குடாவையும் சுனாமி அலை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாயிற்று. பிறகு ஹைதராபாத்தில் 2007இல் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நிலநடுக்கம் நேர்ந்த பின் கணக்கிட அவகாசம் போதாது என்பதால், நடக்கக்கூடியவற்றை முன்கூட்டியே கணித்துச் சேமித்து, பொருந்துவதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது கரையோர மக்கள் கரையை விட்டு உள்நிலத்துக்கு ஓடினார்கள்; பெரிய அலை வரவில்லை. அன்று கடலடி நிலம் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். உண்மையில் நீர் எழுந்ததா என்பதைக் கடல்மட்ட அளவிகளே காட்டின. ஆகவே அந்த நாளை வைத்துக் கணக்கைக் கைவிடச் சொல்வது தவறு. அளவிகளைக் கூட்டச் சொல்வதே சரி.

வாழைச்சேனைக்கு அளவீடு இன்னும் நெருக்கமான தேவை. மாதுறு ஓயா ஆற்றின் மாரி வெள்ளம் வாழைச்சேனைக் களப்பின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கடல்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் வெள்ளம் வெளியேற முடியாமல் திரும்பி ஊருக்குள் ஏறும். இங்கே ஓதத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்குள்தான் என்பதால், அரை மீற்றர் உயர்வே பெரிய மாற்றம். ஆற்றுவாயின் மணல் ஒவ்வொரு மாரியிலும் இடம் மாறுகிறது. நேற்றைய ஆழத்தைக் கொடுத்து இன்றைய வெள்ளத்தைக் கணித்தால் விடை பிழைக்கும். வானொலியில் நாம் கேட்கும் முன்னறிவிப்போ திருகோணமலை தொடக்கம் பொத்துவில் வரையான கடற்பரப்பை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறது. ஆழ்கடலில் பல நாள் தங்கும் படகுக்கு அது பயன்படும், களப்பு வாயைக் கடக்கும் சிறு தோணிக்குப் போதாது. நீரியல் வளங்களை ஆராயும் அரச அமைப்பான நாரா நிறுவனமும் வளிமண்டலவியல் திணைக்களமும் மாரி முடிந்ததும் ஆற்றுவாயின் ஆழத்தை அளக்க வேண்டும். அந்த வேலையில் வாழைச்சேனைக் கடற்றொழிலாளர் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.