அறை காலியா? டைம்ஷேர் விடுமுறைக் கழகங்களில் முன்பதிவு முறை வளர்ந்த வரலாறு

டைம்ஷேர் விடுமுறைக் கழகம் ஒன்றின் உறுப்பினர் இன்று கைபேசியில் ஊரையும் தேதியையும் கொடுத்து, அறை காலியா என்று பார்த்து, அங்கேயே பதிவும் செய்துகொள்கிறார். இதை இணையம் தந்த வசதி என்றே பொதுவாக எழுதுகிறார்கள். தொழிலின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் அது பாதி உண்மைதான். அறை காலியா என்று கேட்க வேண்டிய நிலைமை, உறுப்பினருக்கு விற்கப்பட்ட பொருளே மாறியபோது உண்டானது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகள்தான் அட்டை, தொலைபேசி, இணையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேள்வி எப்படிப் பிறந்தது, விடையைப் பார்க்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்கத் தேவையில்லாத வாரம்

1960களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தெவோலுயி என்ற பனிச்சறுக்கு ஊரில், விடுதி அறையை ஆண்டின் குறிப்பிட்ட காலப்பகுதிக்கு மட்டும் விற்கும் டைம்ஷேர் முறை தொடங்கியது. பின்னர் அமெரிக்காவில் இம்முறை பரவியபோது ஆண்டின் வாரங்களுக்கு 1 முதல் 52 வரை எண் கொடுத்தார்கள். பழுதுபார்க்கவும் வெள்ளையடிக்கவும் ஓரிரு வாரங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை விற்றார்கள். 26-ஆம் வாரத்தை வாங்கியவருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில் அதே அறை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே அவருடைய எல்லா ஆண்டுகளுக்குமான முன்பதிவு முடிந்துவிட்டது.

சுவிட்சர்லாந்தில் 1963-இல் தொடங்கிய ஹாப்பிமாக் வேறு வழியில் போனது. அது வாரத்தையோ அறையையோ விற்கவில்லை. பங்கு வாங்கியவருக்கு ஆண்டுதோறும் தங்கும் புள்ளிகள் கிடைக்கும்; அவற்றைக் கொண்டு நிறுவனத்தின் எந்த விடுதியிலும் தங்கலாம். அமெரிக்காவில் வெக்கேஷன் இன்டர்நேஷனேல் 1974-இல் புள்ளி முறைக்கு வந்தது. புள்ளி வைத்திருப்பவருக்கு எந்த அறையும் சொந்தமில்லை, எல்லா அறையிலும் உரிமை உண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் கேட்டாக வேண்டும். இதற்கு நடுவே 'மிதக்கும் வாரம்' என்ற முறையும் வந்தது. அதில் சீசன் மட்டும் உறுதி. எந்த வாரம் என்பதை ஆண்டுதோறும் பதிவு செய்து பெற வேண்டும். மேரியட் 1984-இல் இத்தொழிலுக்குள் வந்தது. அதன் விதிப்படி, ஒரு வாரம் வைத்திருப்பவர் 12 மாதங்களுக்கு முன்பும், பல வாரங்களைச் சேர்த்துப் பதிவு செய்பவர் 13 மாதங்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம். அதிகம் வாங்கியவருக்கு ஒரு மாதம் முந்தும் சலுகை. வரிசையில் நிற்கும் இடமும் விலைக்கு வந்தது அப்படித்தான்.

அட்டையும் தொலைபேசியும்

1970களின் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கக் கடற்கரைகளில் கட்டிய அடுக்ககங்கள் விலைபோகாமல் நின்றன. அவற்றை வாரம் வாரமாகப் பிரித்து விற்பது கட்டுமான முதலாளிகளுக்கு ஒரு தப்பும் வழியாயிற்று. வாங்கியவர்களுக்கோ ஆண்டுதோறும் ஒரே ஊருக்குப் போய் அலுத்துப்போகும் என்பது சீக்கிரமே தெரிந்தது. அந்த அலுப்பில் பிறந்தவை, ஒருவர் வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றித் தரும் பரிமாற்ற நிறுவனங்கள். 1974-இல் ஜான் டிஹான், கிறிஸ்டல் டிஹான் தம்பதியர் இண்டியானாபொலிஸ் நகரில் ஆர்சிஐ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1976-இல் மயாமியில் இன்டர்வெல் இன்டர்நேஷனல் வந்தது.

தொடக்கத்தில் எல்லாம் கைவேலைதான். யார் எந்த வாரத்தைக் கொடுத்தார், யார் எதைக் கேட்டார் என்று அட்டைகளில் எழுதிப் பொருத்த வேண்டும். ஆர்சிஐயில் முதலில் நம் வாரத்தை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பிறகுதான் வேறொன்றைக் கேட்கலாம். இன்டர்வெல்லில், விரும்பிய இடம் கிடைக்கும்வரை நம் வாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்கவும் ஒரு வழி இருந்தது. ஆர்சிஐ வாரங்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்தது. சிவப்பு வாரத்துக்குக் கிராக்கி அதிகம், நீலத்தைக் கேட்க ஆளில்லை.

இந்தக் காலகட்டம் முழுவதிலும் இருப்பு விவரம் நிறுவனத்தின் ஊழியருக்கு மட்டுமே தெரியும். உறுப்பினர் தொலைபேசியில் கேட்பார். ஊழியர் பார்த்துவிட்டு உண்டு என்பார், இல்லை என்பார். ஒப்படைத்த வாரத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் நிறுவனமே தனக்குள் கணக்கிட்டுக்கொண்டது. அந்த வாரத்துக்கு உள்ள தேவை, அந்த ஊரில் உள்ள அறைகளின் அளவு, எத்தனை மாதம் முன்பாக ஒப்படைத்தார் என்பவை அந்தக் கணக்கில் அடங்கும்.

இரண்டு பேரேடுகள்

ஹாலிடே இன் விடுதிகள் 1965-லேயே ஹாலிடெக்ஸ் என்ற கணினிப் பதிவு முறையை நடத்தத் தொடங்கிவிட்டன. டைம்ஷேர் கழகங்கள் இந்த வழிக்குத் தாமதமாக வந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணம் என்று நான் கருதவில்லை. ஹோட்டலுக்கு ஒரு பேரேடு போதும்: அறை காலி, பணம் வந்தது, கொடுத்தாயிற்று. கழகத்துக்கு இரண்டு வேண்டும். ஒன்றில் அறைகள். மற்றொன்றில் கேட்பவரின் தகுதி: எந்த சீசன் வாங்கியவர், எத்தனை பேர் தங்கும் அறைக்கு உரியவர், எத்தனை நாள் அல்லது புள்ளி மீதி, போன வருடத்து மீதியைச் சேர்த்துவைத்தாரா, அடுத்த வருடத்ததைக் கடன் வாங்கினாரா, வருடாந்திரக் கட்டணம் பாக்கியா. ஒரே தேதியில் ஒரே அறை ஓர் உறுப்பினருக்குக் காலியாகவும் இன்னொருவருக்கு இல்லாததாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். இணையத்தில் அந்த அறையைத் திறந்துவிட வேண்டுமானால் இரண்டு பேரேடுகளும் அந்த நொடியில் ஒத்துப்போக வேண்டும். அதுவரை ஊழியரின் தலைக்குள் இருந்த விதிகளை ஒன்றுவிடாமல் நிரலாக எழுதியும் ஆக வேண்டும்.

காலை எட்டு மணி

டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் வரலாற்றில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிகிறது. 1991-இல் புளோரிடாவில் புள்ளி முறையோடு தொடங்கிய கழகம் அது. எந்த விடுதியில் வாங்கினாரோ அங்கே 11 மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். மற்ற விடுதிகளுக்கு 7 மாதங்களுக்கு முன்புதான். முன்பு இந்த 11 மாதத்தை அறையைக் காலி செய்யும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். நீண்ட தங்கலுக்கு முழுதாகக் காத்திருந்தால் முதல் நாள்களை வேறொருவர் எடுத்துவிடுவார். அதனால் கிராக்கி உள்ள அறையை விரும்பியவர்கள் தினமும் காலையில் தொலைபேசியில் அழைத்து ஒவ்வோர் இரவாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

பிறகு விதி மாறியது. உள்ளே நுழையும் நாளிலிருந்து எண்ணி, ஒரே தடவையில் 7 இரவுகள் வரை பதிவு செய்யலாம் என்று ஆக்கினார்கள். தினசரி அழைப்புக்குத் தேவையில்லாமல் போனது. பதிவும் இணையத்துக்கு வந்தது. அங்கே புளோரிடா நேரப்படி காலை 8 மணிக்குக் கதவு திறக்கும், தொலைபேசிக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான். நம் ஊர் தட்கல் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இந்தக் காலை நேரப் போட்டியைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

உறுப்பினர்கள் புது விதியிலும் சந்து கண்டுபிடித்தார்கள். தமக்கு வேண்டிய தேதிக்குச் சில நாள் முன்பே தொடங்கி 7 இரவுகளைப் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் காலை அந்தப் பதிவை ஒரு நாள் முன்னே தள்ளுவார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் ஒரு நாள். விரும்பிய தேதி வந்து சேரும்வரை பதிவு இப்படி நடந்துகொண்டே போகும். 'வாக்கிங்' என்றே உறுப்பினர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிஸ்னியின் அனிமல் கிங்டம் விடுதியில் குறைந்த புள்ளிக்குக் கிடைக்கும் சிறிய அறைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. நேர்மையாக 11 மாதப் பதிவு திறக்கும் நாளன்று எட்டு மணிக்குத் திரை முன் உட்கார்ந்தவருக்கு அவை ஏற்கெனவே போய்விட்டதாகத் தெரிவது இதனால்தான். தொலைபேசிக் காலத்து உறுப்பினர் இரவுகளைக் கூட்டினார், இணையக் காலத்தவர் தேதிகளை நகர்த்துகிறார். கருவி மாறியும் பழக்கம் மாறவில்லை. மாறுவதற்கு இடமும் இல்லை: ஒரு விடுதிக்கு ஓர் ஆண்டுக்கான மொத்தப் புள்ளிகளைக் கழகம் தன் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஓர் இரவுக்குப் புள்ளி ஏற்றினால் வேறோர் இரவுக்கு இறக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால்

உறுப்பினர்கள் ஒப்படைத்த வாரங்களைப் பரிமாற்றத்துக்கு வைக்காமல் வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று 2000களின் பிற்பாதியில் ஆர்சிஐ மீது நியூ ஜெர்சியில் கூட்டு வழக்கு நடந்தது. அது சமரசத்தில் முடிந்தது. 2010-இன் இறுதியில் நிறுவனம், ஒவ்வொரு வாரத்தின் மதிப்பையும் எண்ணாகவே உறுப்பினருக்குக் காட்டத் தொடங்கியது. தன் வாரத்தை ஒப்படைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே இருந்த கணக்கு வெளியே வந்தது. என் பார்வையில் இணையப் பதிவைவிட இதுவே பெரிய மாற்றம்.

ஐரோப்பாவில் வாங்குபவருக்கு முன்கூட்டியே விவரம் தருவதைச் சட்டமே கையில் எடுத்தது. 1994-இன் டைம்ஷேர் நெறிமுறைக்குப் பதிலாக வந்த 2008/122/இசி நெறிமுறை, கையெழுத்திட்ட பிறகு 14 நாள் விலகல் உரிமை தருகிறது. பல அறைகள் அடங்கிய தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமையை விற்றால், அந்த அறைகளை எந்த நேரத்திலும் பயன்படுத்த இருக்கும் தடைகளையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்கிறது.

இந்தியாவில் இத்தொழிலின் முக்கியத் தளங்களில் ஒன்று சென்னை. ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986-இல் இங்கே தொடங்கியது. கொடைக்கானல் அதன் ஆரம்பகால விடுதிகளில் ஒன்று. மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-இல் சென்னையில் பதிவாகி, மூணாறிலிருந்து தன் விடுதிகளைத் தொடங்கியது. அதன் உறுப்பினர் திட்டம்: 25 ஆண்டுகள், ஆண்டுக்கு 7 நாள், ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறச் சீசன்கள். இங்கே வந்தது மிதக்கும் உரிமைதான். ஆகவே கேள்வியும் கூடவே வந்தது. பள்ளி விடுமுறை தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் வருவதால், மே மாதத்தில் ஊட்டியையும் கொடைக்கானலையும் கேட்கும் குடும்பங்களின் நெருக்கடி ஐரோப்பியக் கழகங்களில் இருப்பதைவிடக் கடுமையானது என்று சொல்லத் தோன்றுகிறது.

டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. மனக்குறை உள்ளவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணையத்துக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் 'அறை இருப்புக்கு உட்பட்டு' என்ற வரி அநேகமாக இருக்கும். வழக்கு அந்த வரியைச் சுற்றியே நடக்கும். தொலைபேசிக் காலத்தில், கேட்டேன், இல்லை என்றார்கள் என்பதற்கு உறுப்பினரிடம் எந்தச் சான்றும் கிடையாது. இப்போது தேதியோடு கூடிய திரைப்பிடிப்பை எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறது. அன்றைக்கு அறை கிடைக்கவில்லை என்பதை அது நிறுவும். அந்த அறைகளில் எத்தனை உறுப்பினர்களுக்குப் போயின, எத்தனை வெளியாருக்கு விலைக்கு விடப்பட்டன என்ற கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஆணையம் கேட்டால்தான் உறுப்பினரின் பார்வைக்கு வரும்.